வாசகர் கேள்வி–பதில்: எந்தக் கதிர்வீச்சுக்கு அஞ்ச வேண்டும்?

கதிர்வீச்சால் உடலுக்கு என்ன தீங்கு நேரும் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன். மருத்துவமனையில் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடுவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இக்கடிதங்களைப் படித்தபோது ஒன்று மனத்தை உறுத்தியது. ஆபத்து மிகக் குறைந்த இடத்தில் மக்கள் உறக்கம் இழக்கிறார்கள். கவனமாக இருந்தே தீர வேண்டிய இடத்தில் அச்சமே இல்லாமல் நடந்துகொள்கிறார்கள்.

பதில்களில் மில்லிசீவர்ட் என்ற அலகு அடிக்கடி வரும். கதிர்வீச்சு உடலுக்கு எந்த அளவுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதைக் குறிக்கும் அலகு அது. மண்ணிலிருந்தும், விண்வெளியிலிருந்தும், சுவாசிக்கும் காற்றில் உள்ள ரேடான் வாயுவிலிருந்தும், உண்ணும் உணவிலிருந்தும் உலக மக்கள் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார்கள். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எண்களை எடைபோடுவது எளிது.

கேள்வி: அதிக அளவு கதிர்வீச்சு பட்டால் உடலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? ஹிரோஷிமாவில் பாதிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வரை ஊனம் தொடர்கிறது என்று படித்தேன். அது உண்மையா?
— தொடக்கக் கல்லூரி மாணவி, பீஷான்

பதில்: எக்ஸ்ரே, காமா கதிர், ஆல்பா மற்றும் பீட்டா துகள்கள் ஆகியவற்றுக்கு அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல் உண்டு. இவற்றையே அயனியாக்கும் கதிர்வீச்சு என்கிறோம். நம் உடலில் பெரும்பகுதி நீர் என்பதால் அக்கதிர் பெரும்பாலும் நீர் மூலக்கூறுகளை உடைக்கிறது. அப்போது பிறக்கும் வீரியம் மிகுந்த துணுக்குகள் உயிரணுவின் டிஎன்ஏ இழையைத் தாக்குகின்றன. சில நேரங்களில் கதிரே நேரடியாக இழையை அறுப்பதும் உண்டு. இரட்டை இழையில் ஒன்று மட்டும் அறுந்தால், மற்றதைப் பார்த்து உயிரணு அதைச் சரிசெய்துகொள்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால் உயிரணு மடியலாம், அல்லது பிழையாக ஒட்டப்பட்ட இழையோடு உயிர் பிழைத்திருக்கலாம். கதிர்வீச்சின் தீங்கை இரு வகையாகப் பிரித்துப் பார்ப்பதற்கு இந்த இரு முடிவுகளே அடிப்படை.

முதல் வகை, ஏராளமான உயிரணுக்கள் ஒரே நேரத்தில் மடிவதால் வருவது. இதற்கு ஒரு தொடக்க அளவு உண்டு; அதற்குக் கீழே அது தலைகாட்டாது, அதற்கு மேலே அளவு கூடக்கூடக் கடுமையும் கூடும். வேகமாகப் பெருகும் உயிரணுக்களே முதலில் பாதிக்கப்படும் என்பதால் எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர், மயிர்க்கால் ஆகியவை முன்னால் நிற்கின்றன. உடல் முழுவதும் குறுகிய நேரத்தில் 1,000 மில்லிசீவர்ட் அளவில் பட்டால் சில மணி நேரத்தில் குமட்டலும் வாந்தியும் தொடங்கக்கூடும். 4,000 அளவை எட்டினால், சிகிச்சை கிடைக்காதவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இரண்டு மாதங்களுக்குள் இறந்துவிடுவார்கள். ரத்த அணுக்களின் உற்பத்தி நின்று, கிருமித் தொற்றும் ரத்தக் கசிவும் உயிரைப் பறிக்கும். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தபோது ஊழியர்களும் தீயணைப்பாளர்களுமாக 134 பேருக்கு இந்தக் கடும் கதிர்வீச்சு நோய் உறுதி செய்யப்பட்டது. அவர்களில் 28 பேர் அதே ஆண்டில் அதனால் மாண்டார்கள்.

இரண்டாம் வகை, பிழையோடு பிழைத்த உயிரணுவால் பல ஆண்டுகள் கழித்து வரும் புற்றுநோய். இங்கே அளவு கூடினால் நோயின் கடுமை கூடாது. நோய் வரும் வாய்ப்புதான் கூடும். ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் உயிர் தப்பியவர்களை 1950 முதல் தொடர்ந்து கண்காணித்து வரும் ஆய்வே இது குறித்த நம் அறிவுக்கு முதுகெலும்பு. குண்டு விழுந்த சில ஆண்டுகளிலேயே ரத்தப் புற்றுநோய் கூடியது. நுரையீரல், மார்பகம், வயிறு போன்ற உறுப்புகளின் புற்றுநோய்கள் பத்தாண்டுகளுக்குப் பிறகே கூடத் தொடங்கின.

பேரப்பிள்ளைகளைப் பற்றிய செய்திக்கு வருகிறேன். உயிர் தப்பியவர்களுக்குப் பின்னர் பிறந்த சுமார் 77,000 குழந்தைகளை ஆராய்ந்தும், பெற்றோர் பெற்ற கதிர்வீச்சால் பிறவிக் குறைபாடோ பரம்பரை நோயோ கூடியதாகக் காணப்படவில்லை. குண்டு விழுந்த நாளில் தாயின் வயிற்றில் இருந்த சில குழந்தைகளுக்கு, குறிப்பாக 8 முதல் 15 வாரக் கருவாக இருந்தவர்களுக்கு, மூளை வளர்ச்சிக் குறைபாடு ஏற்பட்டது உண்மை. ஆனால் அது கரு நேரடியாகப் பெற்ற கதிர்வீச்சின் விளைவு. பரம்பரையாகக் கடத்தப்பட்டது அன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால், உயிர் தப்பியவர்களின் பிள்ளைகளுக்குத் திருமணச் சம்பந்தமே மறுக்கப்பட்ட கொடுமை ஜப்பானில் நடந்திருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி: என் ஆறு வயது மகன் புளோக்கின் கீழே உள்ள விளையாட்டுத் தளத்தில் ஏணியிலிருந்து விழுந்து, மூன்று முறை வாந்தி எடுத்து, சோர்ந்து கிடந்தான். அவசரப் பிரிவில் தலைக்குச் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது என் மாமியாரும் நாத்தனாரும், "பச்சைப் பிள்ளைக்கு ஸ்கேன் எடுக்கச் சம்மதித்துவிட்டாயே, நாளை புற்றுநோய் வந்தால் என்ன செய்வாய்?" என்கிறார்கள். நான் செய்தது தவறா?
— இல்லத்தரசி, தெம்பனிஸ்

பதில்: தவறில்லை, அம்மா. உயரத்திலிருந்து விழுந்த குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்துச் சோர்ந்திருந்தால், மண்டைக்குள் ரத்தம் கசிகிறதா என்பதை மருத்துவர் உடனே தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தக் கசிவு சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது. சிடி ஸ்கேன் சில நொடிகளில் அதைக் காட்டிவிடும். எம்ஆர்ஐ கருவியில் கதிர்வீச்சு இல்லை என்றாலும், அதில் வெகு நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சிறு குழந்தைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும். அவசர வேளைக்கு அது பொருந்தாது.

உங்கள் வீட்டார் சொல்வதில் அடிப்படையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். குழந்தைகளின் உடல் வளர்ந்துகொண்டிருப்பதாலும், அவர்களுக்கு முன்னால் நீண்ட வாழ்நாள் இருப்பதாலும், ஒரே அளவு கதிர்வீச்சு பெரியவர்களைவிட அவர்களை அதிகம் பாதிக்கும். ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில், இளம் வயதில் சிடி ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஏறத்தாழ பத்து லட்சம் பேரைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று 2023 இல் வெளிவந்தது. இன்று ஸ்கேன் எடுக்கும் 10,000 குழந்தைகளில், அடுத்த 12 ஆண்டுகளில், அந்தக் கதிர்வீச்சின் காரணமாக ஒருவர் அல்லது இருவருக்கு ரத்தம் சார்ந்த புற்றுநோய் வரக்கூடும் என்று அது மதிப்பிட்டது. வாய்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அது மிகச் சிறியது. எதிர்த்தட்டில் இருந்ததோ மகனின் உயிர்.

தலையை எடுக்கும் சிடி ஸ்கேனின் அளவு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். அதாவது உலக சராசரிக் கணக்கில் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான இயற்கைக் கதிர்வீச்சு. எனக்குக் கவலை தருவது வேறு வகைப் பெற்றோர். லேசாக முட்டிக்கொண்டு, அழுது, பத்து நிமிடத்தில் ஓடி விளையாடத் தொடங்கிய குழந்தைக்கும் "எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்" என்று மருத்துவரை நெருக்குகிறார்கள். சில மணி நேரம் கண்காணித்தால் போதும் என்று மருத்துவர் சொன்னால், அது அலட்சியத்தால் சொல்வதில்லை. எந்தக் குழந்தைக்கு ஸ்கேன் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதற்கு ஆய்வுகளில் சோதித்துப் பார்த்த வழிமுறைகள் உள்ளன. மகனின் ஸ்கேன் விவரத்தை அவனுடைய மருத்துவக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பின்னாளில் இன்னொரு மருத்துவர் அதே படத்தை மீண்டும் எடுக்காமல் இருக்க உதவும்.

கேள்வி: கருவுற்றது தெரியாமல், ஐந்தாவது வாரத்தில் முதுகுவலிக்காகக் கீழ்முதுகில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டேன். தஞ்சாவூரில் இருக்கும் என் அம்மா, பிள்ளை ஊனமாகப் பிறக்கும், கலைத்துவிடு என்று தினமும் தொலைபேசியில் அழுகிறார். என் கணவரும் குழம்பிப்போயிருக்கிறார்.
— வாசகி, செங்காங்

பதில்: இந்த எக்ஸ்ரேக்காக நீங்கள் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. முதலில் இந்த வரியை உங்கள் தாயாருக்குப் படித்துக் காட்டுங்கள்.

கீழ்முதுகு எக்ஸ்ரேயில் கரு பெறும் அளவு வழக்கமாக ஓரிரு மில்லிகிரே. கூடிப்போனாலும் 10 மில்லிகிரே அளவில் நிற்கும். (எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை மில்லிகிரேயும் மில்லிசீவர்ட்டும் ஏறத்தாழ ஒன்றே.) கருவுக்கு உறுப்புக் குறைபாடோ மூளை வளர்ச்சிக் குறைவோ ஏற்படுவது 100 மில்லிகிரேக்குக் கீழே காணப்படுவதில்லை. அந்த அளவுக்குக் குறைவான கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பது நியாயமன்று என்று அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2000 ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறது.

பிற்காலப் புற்றுநோய் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் எக்ஸ்ரே எடுப்பது வழக்கமாக இருந்த 1950களில், அப்படிப் பிறந்த குழந்தைகளிடம் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருப்பதை இங்கிலாந்து மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் கண்டறிந்தார். அதற்குப் பிறகுதான் அந்த வழக்கம் ஒழிந்தது. எண்ணிக்கையில் பார்த்தால், கதிர்வீச்சே படாத ஆயிரம் குழந்தைகளில் 997 பேர் இருபது வயது வரை புற்றுநோய் இல்லாமல் வளர்கிறார்கள். கருவில் 10 மில்லிகிரே பட்டவர்களில் அந்த எண்ணிக்கை 996.

அளவை அறியாத அச்சம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. செர்னோபில் விபத்துக்குப் பின், வெகு தொலைவில் இருந்த கிரீஸ் நாட்டில், பெற்றோர் விரும்பியிருந்த சுமார் 2,500 கருக்கள் அச்சத்தால் கலைக்கப்பட்டதாக 1987 இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்நாட்டு மக்கள் பெற்ற அளவு கருவைத் தீண்டும் அளவுக்கு அருகில்கூட இல்லை. மகப்பேற்று மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்த தேதியைச் சொல்லுங்கள். வேண்டுமானால் கரு பெற்ற அளவைக் கணக்கிட்டு எழுத்தில் தரும்படி மருத்துவமனையின் இயற்பியலாளரிடம் கேட்கலாம். உங்கள் தாயாரின் மனம் அமைதியடைய அந்தத் தாள் உதவும்.

கேள்வி: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் கைப்பேசி நிறுவனத்தின் அலைவாங்கிகள் உள்ளன. நாங்கள் அதற்கு நேர் கீழே வசிக்கிறோம். வீட்டை மாற்றலாமா என்று யோசிக்கிறோம்.
— வாசகர், ஈசூன்

பதில்: இதற்காக வீடு மாற வேண்டாம். கைப்பேசி, வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றின் அலைகளுக்கு எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல் இல்லை. டிஎன்ஏ இழையை அவை அறுப்பதில்லை. மிகுந்த வலிமையோடு பட்டால் திசுவைச் சூடாக்கும், அவ்வளவே. அலைவாங்கிகளின் வீச்சு பக்கவாட்டில் செல்லும்படி அமைக்கப்படுவதால், நேர் கீழே இருக்கும் வீட்டுக்கு வருவது மிகக் குறைவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 இல் இவ்வகை அலைகளைப் "புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்" என்ற பிரிவில் வைத்தது உண்மைதான். அந்நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2024 இல் வெளியான மதிப்பாய்வு, கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

மேல்தளத்தைப் பார்த்துக் கவலைப்படும் குடும்பங்கள் நண்பகல் வெயிலைக் கண்டுகொள்வதில்லை. சிங்கப்பூரில் புற ஊதாக் கதிர்க் குறியீடு பல நாள்களில் 11 என்ற உச்ச நிலையைத் தொடுகிறது. தோல் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயமின்றி நிறுவப்பட்டது அந்தக் கதிர்தான்.

கேள்வி: என் அலுவலகம் வழங்கும் உயர்நிலை உடற்பரிசோதனைத் தொகுப்பில் முழு உடல் பெட்-சிடி ஸ்கேனும் அடங்கியுள்ளது. எனக்கு 44 வயது, எந்த நோயும் இல்லை. இலவசமாகக் கிடைப்பதால் எடுத்துக்கொள்ளலாமா?
— நிறுவன மேலாளர், நோவீனா

பதில்: என் கருத்தைக் கேட்டால், வேண்டாம். உடலில் செலுத்திய கதிரியக்க மருந்து எங்கே சேர்கிறது என்பதைச் சிடி படத்தோடு சேர்த்துக் காட்டும் பெட்-சிடி மிகச் சிறந்த கருவி. புற்றுநோய் உறுதியானவருக்கு அது எங்கெல்லாம் பரவியுள்ளது, மருந்து வேலை செய்கிறதா என்பதை அதைப்போல் காட்டுவது அரிது. எந்த அறிகுறியும் இல்லாதவர் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ள வேண்டிய சோதனையாக அதைப் பொறுப்பான மருத்துவ அமைப்புகள் பரிந்துரைப்பதில்லை.

கருவியையும் முறையையும் பொறுத்து மாறினாலும், ஒரு முழு உடல் பெட்-சிடி ஸ்கேனின் அளவு 20 மில்லிசீவர்ட்டை ஒட்டியிருக்கும். கதிர்வீச்சோடு பணிபுரியும் ஊழியருக்கு அனைத்துலக ஆணையம் விதித்துள்ள ஆண்டுச் சராசரி வரம்பும் 20 மில்லிசீவர்ட்தான். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தால் உங்கள் கணக்கில் 100 மில்லிசீவர்ட் சேரும். அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் 2006 ஆம் ஆண்டு அறிக்கை அந்த அளவுக்குத் தரும் கணக்கு இது: நூறு பேரில் வேறு காரணங்களால் 42 பேருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும், நூறு பேருக்கும் 100 மில்லிசீவர்ட் பட்டால் கூடுதலாக ஒருவருக்கு வரக்கூடும். நோயாளி ஒருவருக்கு இது மிக மலிவான விலை. உங்களுக்கோ அந்த விலைக்கு ஈடாகக் கிடைப்பது எதுவுமில்லை. தீங்கற்ற ஏதாவதொரு புள்ளி படத்தில் தெரிந்து, அதைத் துரத்தி இன்னும் சில ஸ்கேன்களும் திசுப் பரிசோதனையும் மனவுளைச்சலும் வருவதே பெரும்பாலும் நடக்கும்.

பயன் உறுதியான சோதனைகள் எளியவை. 50 வயதானதும் பெருங்குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்துகொள்ளுங்கள். அதில் கதிர்வீச்சே இல்லை. உங்கள் வீட்டில் 50 முதல் 69 வயதுக்குள் பெண்கள் இருந்தால், இரண்டாண்டுக்கு ஒருமுறை மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் அளவு அரை மில்லிசீவர்ட்கூட இல்லை. கதிர்வீச்சுக்குப் பயந்து அதைத் தள்ளிப்போடும் நம் பெண்கள் பலர். அந்தத் தயக்கத்துக்குக் கொடுக்கும் விலை மிகப் பெரிது.

கேள்வி: என் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய்க்காகத் தினமும் கதிர் சிகிச்சை அளிக்கிறார்கள். அவர் பேத்தியைத் தூக்கிக் கொஞ்சலாமா? அண்டை வீட்டில் ஒருவர், தைராய்டு சிகிச்சைக்குப் பிறகு தனி அறையில் இருந்ததாகச் சொல்கிறார்.
— வாசகர், அங் மோ கியோ

பதில்: தாராளமாகக் கொஞ்சலாம். உங்கள் தாயாருக்கு வெளியில் உள்ள கருவியிலிருந்து கதிர் செலுத்தப்படுகிறது. விளக்கை அணைத்ததும் அறையில் வெளிச்சம் தங்காததுபோல, கருவி நின்றதும் அவர் உடலில் எதுவும் தங்குவதில்லை. அவரிடமிருந்து குழந்தைக்கு எதுவும் போகாது. அவருக்கு இப்போது பேத்தியின் அணைப்பு மருந்தளவுக்குத் தேவை.

அண்டை வீட்டுக்காரருக்கு அளித்திருப்பது கதிரியக்க அயோடின்-131 ஆக இருக்க வேண்டும். அது உடலுக்குள் செல்லும் மருந்து; தைராய்டு திசுவில் சேர்ந்து அதை அழிக்கும். அதன் வீரியம் எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும்; சிறுநீர், வியர்வை, எச்சில் வழியாகவும் வெளியேறும். எனவே அந்த மருந்தைப் பெற்றவர்கள் மருத்துவமனை குறித்துத் தரும் நாள்கள் வரை குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் அணுமின் நிலையங்கள் வரக்கூடும் என்று பேசப்படுகிறது. முன்னெச்சரிக்கையாக அயோடின் மாத்திரை வாங்கி வைக்கலாமா? அயோடின் உப்பு போதுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தோ பாயோ

பதில்: உப்பால் பயனில்லை. ஒரு மாத்திரையில் உள்ள அயோடினைப் பெறக் கிலோக் கணக்கில் உப்பு தின்ன வேண்டும். அதற்கு முன் உப்பே உயிரைக் குடித்துவிடும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து நேர்ந்தபோது சீன நகரங்களில் மக்கள் மூட்டை மூட்டையாக உப்பு வாங்கிக் குவித்தார்கள்.

மாத்திரையின் பயனும் குறுகியது. நல்ல அயோடினால் தைராய்டு சுரப்பியை முன்கூட்டியே நிரப்பிவிட்டால், கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடமிருக்காது, அவ்வளவுதான். சீசியம் போன்ற மற்றக் கதிரியக்கப் பொருள்களைத் தடுக்க அதற்கு ஆற்றல் இல்லை. கதிரியக்க மேகம் வருவதற்குச் சற்று முன்போ வந்த சில மணி நேரத்துக்குள்ளோ உட்கொண்டால்தான் பலன் தரும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதன் தேவை அதிகம். நாற்பதைக் கடந்தவர்களுக்கு நன்மை குறைந்து பக்கவிளைவு கூடுகிறது. செர்னோபில்லைச் சுற்றிய பகுதிகளில் 2005 வரை, விபத்தின்போது சிறுவர்களாக இருந்த 6,000க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடிக்கவிட்டதே அதற்குப் பெருங்காரணம். போலந்தில் அதிகாரிகள் சில நாள்களுக்குள் சுமார் ஒரு கோடிக் குழந்தைகளுக்கு அயோடின் கொடுத்தார்கள். எப்போது, யாருக்கு என்பதை அளவுகளைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிகள் சொல்ல வேண்டும். நாமாக விழுங்கக் கூடாது.

ஃபுகுஷிமாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே பொதுமக்களிடம் கதிர்வீச்சால் நேரடியாக ஏற்பட்ட உடல்நலக் கேடு எதுவும் பதிவாகவில்லை என்பது ஐநா அறிவியல் குழுவின் முடிவு. ஆனால் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்ட அலைச்சலும், முதியோர் இல்லங்களிலிருந்து நோயாளிகளை அவசரமாக இடம் மாற்றியதும், தொடர்ந்த மனவுளைச்சலும் சேர்ந்து அம்மாநிலத்தில் 2,000க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தன. அவசரகாலத் திட்டம் தீட்டுவோர் கதிர்வீச்சைக் கணக்கிடும் அதே கவனத்தோடு முதியோரையும் கணக்கிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஐயா, நான் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறேன். இரவில் வெல்டிங்கைச் சோதிக்க ஆர்டி ஷூட்டிங் (கதிர் பாய்ச்சிப் படம் எடுப்பது) நடக்கும். இரண்டு வாரத்துக்கு முன் தடுப்பு நாடாவைக் கவனிக்காமல் உள்ளே போய்விட்டேன். ஒரு நிமிடம் இருக்கும். சுமார் 20 மீட்டர் தள்ளி ஷூட்டிங் நடந்தது. கத்தி வெளியே வரச் சொன்னார்கள். அன்று முதல் தலைவலி, வயிற்றைப் பிரட்டுகிறது. தை மாதம் எனக்குத் திருமணம். குழந்தை பிறக்குமா? அந்த இரும்பை இப்போது தொடலாமா? என் அறையில் தங்கியிருக்கும் நண்பன் ஷூட்டிங் உதவியாளனாக இருக்கிறான். அளவு கூடினால் வேலை போய்விடும் என்று, கதிர் அளவைப் பதியும் பேட்ஜைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போகிறான்.
— ஊழியர், துவாஸ்

பதில்: தம்பி, முதலில் உங்கள் கணக்கைப் போட்டுவிடுவோம். கப்பல் பட்டறைகளில் வெல்டிங்கைப் படம் பிடிக்கப் பெரும்பாலும் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் பயன்படுகிறது. 50 கியூரி (கதிரியக்க வலிமையை அளக்கும் அலகு) வலிமையுள்ள சோர்ஸ், அதாவது அந்தக் கதிரியக்கத் துண்டு, அதை மூடி வைத்திருக்கும் கேமரா என்ற பெட்டியை விட்டு வெளியே வந்து, மறைப்பே இல்லாமல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் தொலைவில் அதன் அளவு மணிக்கு 200 மில்லிசீவர்ட்டுக்கு மேல். தொலைவு இரு மடங்கானால் அளவு நான்கில் ஒன்றாகும். பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகும். 20 மீட்டரில் அது மணிக்கு ஏறத்தாழ 0.6 மில்லிசீவர்ட். நீங்கள் நின்றது ஒரு நிமிடம் என்றால் உங்களுக்குப் பட்டது 0.01 மில்லிசீவர்ட், வேலை அனுமதிக்காக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் பெற்றதைவிட இது கூடுதல் இல்லை. கதிர்வீச்சால் வாந்தி வர இதைப்போல் ஒரு லட்சம் மடங்கு பட்டிருக்க வேண்டும். வந்திருந்தாலும் அதே நாளில் வந்திருக்கும். இரண்டு வாரமாக நீடிக்கும் தலைவலிக்கும் வயிற்றுப் பிரட்டலுக்கும் வேறு காரணம் இருக்கும். அச்சமும் உறக்கமின்மையும்கூடக் காரணமாகலாம். மருத்துவரைப் பாருங்கள். குழந்தை பிறப்பதைப் பொறுத்தவரை, ஆண்களின் விந்தணு தற்காலிகமாகக் குறையவே விரைப்பகுதியில் 100 முதல் 150 மில்லிகிரே ஒரே தடவையில் பட வேண்டும். நிம்மதியாகத் திருமணத்துக்கு ஊருக்குப் போய் வாருங்கள். இரும்பையும் தொடலாம், காமா கதிர் ஊடுருவிச் சென்ற இரும்பு கதிரியக்கம் உடையதாக மாறுவதில்லை.

ஆனால் அந்தத் தடுப்பு நாடாவைச் சிறிதாக எண்ணாதீர்கள். கதிர்வீச்சுப் பணியாளர் அல்லாதவருக்கு ஓராண்டுக்கு உள்ள வரம்பு 1 மில்லிசீவர்ட். நான் சொன்ன அதே சோர்ஸிலிருந்து பத்து மீட்டரில் அரை மணி நேரம் வேலை பார்த்தால் அந்த ஆண்டு வரம்பு முடிந்துவிடும். நாடா கண்ணில் படாத இடத்தில் கட்டப்பட்டிருந்தால், விளக்கோ எச்சரிக்கைப் பலகையோ காவலுக்கு ஆளோ இல்லாதிருந்தால், அது உங்கள் பிழை அன்று. பாதுகாப்பு அதிகாரியிடம் நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அங்கே செவிசாய்க்காவிட்டால், மனிதவள அமைச்சின் ஸ்னாப்சேஃப் என்ற புகார் தளம் வழியாகப் படத்தோடு தெரிவிக்கலாம். கதிரியக்கக் கருவிகளுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பு தேசியச் சுற்றுப்புற வாரியத்துடையது.

இன்னொன்றையும் உங்கள் விடுதி நண்பர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1999 இல் பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில், கேமராவிலிருந்து கழன்று கிடந்த இரிடியம் சோர்ஸ் இன்னதென்று தெரியாமல், ஒரு வெல்டர் அதை எடுத்துக் காற்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டு சில மணி நேரம் வேலை பார்த்தார். தொடை அழுகி, கடைசியில் காலையே துண்டிக்க வேண்டியதாயிற்று. 2000 இல் தாய்லாந்தின் சமுத் பிராகானில் பழைய இரும்புக் கடைக்கு வந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் மூன்று பேரின் உயிரைப் பறித்தது. 2010 இல் டெல்லி மாயாபுரியிலும் அவ்வாறே ஒருவர் மாண்டார். எவரும் பளபளக்கும் அந்தச் சிறு உலோகத்தைப் பார்த்து அஞ்சவில்லை. சூடோ மணமோ வலியோ அதில் இல்லை. ஷூட்டிங் நடந்த இடத்தில் சங்கிலிக் கண்ணிபோல ஏதாவது கிடந்தால் கையால் எடுக்காதீர்கள், காலாலும் தள்ளாதீர்கள். விலகி நின்று, மற்றவர்களையும் விலக்கி, ஆர்டி ஆட்களை அழையுங்கள்.

உங்கள் நண்பரின் செயல்தான் இந்த மாதக் கடிதங்களிலேயே என்னை மிகவும் வருத்தியது. பேட்ஜ் கதிர்வீச்சைத் தடுப்பதில்லை. எவ்வளவு பட்டது என்று சொல்கிறது. அதைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனால் கதிர் குறையாது, கணக்குதான் குறையும். அளவு கூடியிருப்பதாகப் பேட்ஜ் காட்டினால், சோர்ஸ் முழுமையாக உள்ளே திரும்பவில்லையா, கதிர் அளவைக் காட்டும் சர்வே மீட்டர் பழுதா, மறைப்பு போதவில்லையா என்று நிறுவனம் காரணம் தேடியே ஆக வேண்டும். அந்தத் தேடல்தான் அவரோடு வேலை செய்யும் மற்றவர்களையும் காப்பாற்றும். பல ஆண்டுகள் கழித்து அவருக்குக் கண்புரையோ வேறு நோயோ வந்து, தொழிலால் வந்ததுதானா என்ற கேள்வி எழும்போது, அவர் கையில் இருக்கும் சான்று அந்தப் பதிவு மட்டுமே. பெட்டிக்குள் இருந்த பேட்ஜின் பதிவு, அவர் வேலைக்கே போகவில்லை என்று அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். நாளை முதல் பேட்ஜை நெஞ்சில் குத்திக்கொண்டு போகச் சொல்லுங்கள்; ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் சர்வே மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கேமராவை நெருங்க வேண்டும்; வேலையை விட்டு ஊருக்குத் திரும்பும்போது இதுவரை பெற்ற அளவின் பதிவை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.